கனவுப் பலகையில் ஒரு சாவி

முடிச்சூர்
19 மே 2025

அன்புள்ள ஷரீஃபா,

நீ என்னை போனில் பிளாக் செய்து இன்றோடு பதினைந்து நாள். நேற்று பல்லாவரத்துக்கே வந்துவிட்டேன். உன் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தேன், மிக்ஸி நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. பத்து நிமிஷம் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன்.

அதனால்தான் தபால். முடிச்சூரிலிருந்து பல்லாவரத்துக்கு ஸ்பீட் போஸ்ட் போடுகிற பைத்தியம் யார் என்று தபால் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நாற்பது வருஷத்தை ஒரு பட்டனை அழுத்தி மூட உன்னால் முடிந்திருக்கிறது. என்னால் முடியவில்லை.

படப்பையில் உன் அண்ணன் ஷாகுல் வீட்டில் அன்று நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். தப்பு என்றால் திருத்து. உன் அத்தா ஹஜ்ஜுக்குப் போகிறார் என்று வழியனுப்ப நாற்பது பேர் வந்திருந்தோம். எழுபத்தாறு வயது மனிதர், ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்து, "ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மாப்பு கொடுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார். உன்னிடமும் வந்தார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். பிறகு, அத்தனை பேர் நடுவில் கேட்டாய்: "அம்மாவ ரூம்ல வச்சு பூட்டினீங்களே, அதுக்கா மாப்பு கேக்குறீங்க?" அத்தா பதில் சொல்லவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ மாப்பு கொடுக்காமல் வெளியேறினாய். பதினாறாம் தேதி விமானம் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் தலையாட்டியதால்தான் அப்படிக் கேட்டதாக அன்று ஆட்டோவில் நீ கத்தினாய். ஷரீஃபா, நான் தலையாட்டவில்லை. எனக்குக் கழுத்து வலி என்பது உனக்குத் தெரியும்.

உன் கனவை நீயாகத்தான் சொன்னாய். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, நம் சினிமாக் குழு, அசோசியேஷன் ஹால். அந்த ஈரக்குடைப் படத்தைப் போட்டோம். கதாநாயகியின் கனவில் ஒரு ஈரக்குடையும் ஒரு சாவியும் முகமே இல்லாத ஒரு ஆளும் வருவார்கள். டாக்டர் அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டு, கடைசி ரீலில் கொலைகாரனைப் பிடிப்பார். படம் முடிந்ததும் வழக்கம்போல யாராவது ஒருவர் தன் கனவைச் சொல்ல, நான் பலகையில் கட்டம் போட்டு எழுத வேண்டும். அன்று நீ கை தூக்கினாய். அறைக்குள் அம்மா, வாசலில் முகம் தெரியாத ஒரு ஆள் என்றாய்; அது அத்தா, பூட்டியவர் அவர்தான் என்று நான் விளக்கினேன். நாலு வயதில் அம்மாவை இழந்த ஒரு பெண், காய்ச்சலில் போய்விட்டார் என்று மட்டுமே சொல்லி வளர்க்கப்பட்டவள், வருஷக்கணக்காக ஒரே கனவைக் காண்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டாமா? இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவள் நான். இதை ஜோசியம் மாதிரி நீ பேசியது எனக்கு வலித்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தப்பே செய்யாதவர் ஏன் பதில் சொல்லவில்லை?

இங்கே அம்மா வழக்கம்போலக் குளியலறைக் கதவை ஆவென்று திறந்துபோட்டுக்கொண்டு குளிக்கிறார். எண்பத்தொரு வயது, ஒரு வெட்கமும் இல்லை. நான் கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார்கள். உன்னிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க முடியாமல் இருக்கிறது.

பதில் போடு.

ஜோசி

•

பல்லாவரம்
22 மே 2025

ஜோசலினுக்கு,

ஸலாம் சொல்லாமல் ஆரம்பிக்கிறேன். வரவில்லை.

கழுத்து வலியாம். நாற்பது பேருக்கு நடுவில், சரியாக நான் பார்த்த நேரத்தில், தலையை மேலும் கீழும் ஆட்டுகிற கழுத்து வலி. பதினெட்டு வருஷமாகத் தோல் கம்பெனியில் கையால் தடவியே குறை கண்டுபிடிக்கிறவள் நான். ஆட்டின் மேல் உண்ணி கடித்த தழும்புகூட என் விரலுக்குத் தப்பாது. உன் தலை ஆடியது தெரியாதா? போடி.

பிளாக்கை எடுக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் மயங்கிவிடுவேன். "ம்ம்... அப்புறம்... எப்படி உணர்ந்தே?" என்று நீ கேட்டால் இல்லாததும் வாயில் வந்துவிடுகிறது. தாளில் நீ குறுக்கே பேச முடியாது. கடிதமே இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் அது இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும். படித்த சிநேகிதி இருக்கிறாள் என்ற திமிரில் நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். இப்போது உட்கார்ந்துகொண்டது.

அத்தா தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணனுக்குப் போன் செய்கிறார். "சாப்டியா, மழை வந்துச்சா" என்று கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன்னால், "ஷரீஃபா ஏதாச்சும் சொல்லுச்சா?" என்கிறாராம். தினமும். அண்ணன் அதை என்னிடம் சொல்லும்போது திட்டுவதுகூட இல்லை. திட்டினால் தேவலை. இரம் மட்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்கிறாள்: "நன்னாகிட்ட நீ ஏம்மா பேச மாட்டேங்குற?" பெற்ற மகளிடம் என்ன சொல்ல? உன் தாத்தாவைப் பற்றி ஒரு பலகையில் எழுதியிருந்தது என்றா?

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஜூன் ஐந்தாம் தேதி அரஃபா நாள். ஹஜ்ஜுக்குப் போன எல்லோரும் அந்த மைதானத்தில் நின்று கேட்கிற நாள். அதுதான் ஹஜ்ஜு. மனுஷனுக்குச் செய்த தப்பை மனுஷன் மன்னித்தால்தான் உண்டு என்று நம்புகிறவர் அத்தா. பெற்ற பெண் மாப்பு கொடுக்கவில்லை என்ற நினைப்போடு அங்கே போய் நிற்பார். திரும்பி வருவாரோ மாட்டாரோ. நாற்பத்தைந்து டிகிரி வெயில்.

சும்மா மாப்பு கொடுத்துவிடு என்கிறான் அண்ணன். எப்படிக் கொடுப்பது? பூட்டியிருந்தால்? அம்மா உள்ளே கதவைத் தட்டியிருந்தால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் நேற்று நல்ல தோலை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டேன், சூப்பர்வைசர் கஸ்தூரிரங்கன் சார் எடுத்துக் காட்டினார்.

இப்போது உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கனவில் தினமும் சாவி வருகிறது. அந்த ஆளின் கையில், பித்தளைச் சாவி. ஆனால் உன் ஹாலுக்கு வருவதற்கு முன்னால் அது வந்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை. அன்று எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்தீர்கள் இல்லையா? அதைப் போட்டுக் கேள். நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு.

உன் விளக்கம் வேண்டாம்.

ஷரீஃபா

•

முடிச்சூர்
25 மே 2025

அன்புள்ள ஷரீஃபா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அத்தாவை நினைத்து எனக்கும் கலக்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பதிவு என்னிடம் இல்லை. குழுவின் பதிவுகள் எல்லாம் ஆபேலின் லேப்டாப்பில் இருக்கின்றன. அவன் வேலை விஷயமாக ஒசூர் போயிருக்கிறான், வந்ததும் கேட்கிறேன்.

அதோடு, ஒரு கனவின் முதல் வடிவம்தான் உண்மையான வடிவம் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து மர்மப்படங்களை எடுத்துக்கொள். முதல் முறை கனவு வரும்போது எல்லாம் புகைமூட்டமாக இருக்கும். டாக்டர் கேட்கக் கேட்கத்தான் மறைந்திருந்த பொருள் ஒவ்வொன்றாக வெளியே வரும். போலீஸ் ஸ்டேஷன் செய்ய முடியாததைச் சாய்வு நாற்காலி செய்யும். நினைவு தன்னைத்தானே ஒளித்துக்கொள்கிறது, தக்க துணை கிடைத்தால் அஞ்சாமல் வெளிச்சத்துக்கு வருகிறது. சாவி பிறகு வந்தது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். இரமிடம் அன்பைச் சொல்.

ஜோசி

•

பல்லாவரம்
28 மே 2025

ஜோசி,

பொய் சொல்லும்போது உன் தமிழ் ரொம்ப அழகாகிவிடும். எட்டாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதுவாயே, அதே நடை. "தக்க துணை கிடைத்தால் அஞ்சாமல் வெளிச்சத்துக்கு வருகிறது." அடேயப்பா.

ஆபேலை நேற்று குரோம்பேட்டை ஸ்டேஷனில் பார்த்தேன். ஒசூரும் இல்லை, ஒன்றும் இல்லை, வடை தின்றுகொண்டிருந்தான். "மேடம்கிட்டதான்க்கா இருக்கு, அன்னிக்கே பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டேனே" என்றான்.

நீ கேட்டுவிட்டாய், இல்லையா? கேட்டுவிட்டுத்தான் எனக்கு அந்த லெட்டரைப் போட்டாய்.

அத்தாவுக்குக் காய்ச்சலாம். ரூமில் படுத்திருக்கிறாராம். படுத்துக்கொண்டும் அண்ணனிடம் அதையேதான் கேட்டிருக்கிறார். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. உன் படத்தில் டாக்டர் கடைசி ரீலில் கண்டுபிடித்தால் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகாது, விளக்கைப் போட்டால் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். இங்கே ஒரு கிழவர் பாலைவனத்தில் படுத்துக்கிடக்கிறார்.

எழுதி அனுப்பு. இல்லையென்றால் செத்தாலும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன். சத்தியமாக.

ஷரீஃபா

•

முடிச்சூர்
31 மே 2025

ஷரீ,

நாளை ஞாயிறு, தபால் இல்லை. இதை நானே கொண்டுவந்து உன் கேட்டில் செருகிவிட்டுப் போகிறேன். மணி அடிக்க மாட்டேன், மிக்ஸியை நிறுத்த வேண்டாம்.

ஆமாம், கேட்டுவிட்டேன். படப்பையிலிருந்து வந்த மறுநாளே கேட்டேன். நான் தலையும் ஆட்டினேன். கழுத்து வலி பொய். "பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா" என்று ஆட்டினேன். உன் அத்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தபோது என் கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஷரீ.

பதிவில் இருப்பது இது. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

நீ: "நீளமா ஒரு நடை. கடைசில ஒரு ரூமு. உள்ள அம்மா உக்காந்துகினு கீறாங்க, வெள்ளைப் போர்வை போத்திகினு. வாசப்படி மேல ஒரு ஆளு. மூஞ்சி தெரியல. நான் போறேன் போறேன், போகவே முடியல. தோலு வாசனை. அவ்ளோதான்."

நான்: "கதவு?"

நீ: "கதவு கீது. தொறந்துதான் கீது."

நான்: "பூட்டு, சாவி ஏதாவது?"

நீ: "தெரியலையே."

நான்: "அவசரப்படாதே. அந்த ஆளோட கையைப் பாரு. கையில என்ன இருக்கு?"

இங்கே பதினோரு விநாடி நீ பேசவில்லை. பிறகு, "இருந்திருக்கலாம்" என்கிறாய். "என்ன இருந்திருக்கலாம்?" என்று நான் கேட்கிறேன். "சாவி" என்கிறாய். ஹாலில் எல்லோரும் "ஆ" என்கிறார்கள். அடுத்து மார்க்கர் கீச்சிடுகிற சத்தம் கேட்கிறது. சாவி என்று நான் எழுதுகிறேன். எழுதிவிட்டு அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கதவு திறந்துதான் இருந்தது. பூட்டியது நான்.

ஏன் என்று இந்த நாலு வாரமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஈரக்குடைப் படத்தில் சாவி வந்ததால் வாயில் வந்துவிட்டது என்று என் மாணவிகளாக இருந்தால் நம்பியிருப்பார்கள். நீ நம்ப மாட்டாய். நாலாம் வகுப்பில் என் காம்பஸ் பெட்டியில் ஒரு பித்தளைச் சாவி இருக்கும். "இது இன்னா சாவி?" என்று நீ கேட்டாய். சைக்கிள் சாவி என்றேன்.

அது அம்மாவுடைய அறைச் சாவி. அம்மா அப்போது சுகமில்லாமல் இருந்தார். நினைத்த நேரத்தில் சத்தமாக அழுவார், தெருவில் இறங்கி நடந்துவிடுவார். அப்பா ஹெட்மாஸ்டர், சபையில் மூப்பர். தேவானந்தம் சார் மனைவி இப்படி என்று ஊர் பேசக்கூடாது. காலையில் சோறும் தண்ணீரும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நாலரைக்கு நான் வந்து திறக்க வேண்டும். ஒன்பது வயது எனக்கு.

சில நாள் நான் நாலரைக்கு வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் உன்னோடு சிவப்பு ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றுவிட்டு ஐந்தரைக்கு வந்தேன். வேண்டுமென்றே. அந்தக் கதவைத் திறக்க எனக்குப் பயம். திறந்ததும் அம்மா என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வருஷா வருஷம் வகுப்பில் ஐந்து பாடம், அடக்கிவைத்த நினைவு பற்றி மட்டும்.

2015 வெள்ளத்தில் அந்தப் பெட்டி போயிற்று. ஒழிந்தது என்று நினைத்தேன். அது ஒழியாமல் உன் அத்தாவின் கையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அம்மா குளியலறைக் கதவை ஏன் சாத்துவதில்லை என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருஷம் கத்தியிருக்கிறேன்.

அத்தா என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. உன் கனவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொன்னேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

நீ என் முகத்தில் முழிக்க வேண்டாம். அவருக்குப் போன் செய்.

ஜோசலின்

•

பல்லாவரம்
9 ஜூன் 2025

ஜோசி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போனை எடுப்பேன், வைப்பேன். கதவு திறந்திருந்தது என்று தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அப்படியென்றால் ஏன் அத்தா வாயே திறக்கவில்லை? அந்தக் கேள்வி போகவில்லை. திறந்த கதவின் வாசலில் இருந்தபடியே ஒரு மனுஷன் எத்தனையோ கொடுமை செய்யலாமே?

நாலாம் தேதி புதன்கிழமை. மறுநாள் அரஃபா. கம்பெனியில் சாப்பாட்டு நேரம், எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். தோல் அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் கொடுத்த நம்பருக்குப் போட்டேன். ஒரு முடிவோடுதான் போட்டேன். முதலில் மாப்பு, பிறகுதான் கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டுக் கொடுத்தால் அது தீர்ப்பு, மாப்பு இல்லை.

"யாரு?" என்றார். பின்னால் ஒரே ஜன இரைச்சல்.

"ஷரீஃபா, அத்தா."

நான் கடகடவென்று சொல்லிவிட்டேன்: "மாப்பு கொடுத்துட்டேன் அத்தா. எதுக்குன்னு தெரியாது. எதுவா இருந்தாலும் கொடுத்துட்டேன். நீங்க நிம்மதியா போய் நில்லுங்க."

அத்தா அழுது நான் கேட்டதே இல்லை, ஜோசி. அம்மாவின் மையத்தை அடக்கம் செய்த அன்றுகூட அழவில்லை என்று அத்தாவின் கூடப்பிறந்த குப்பி சொல்வார்கள். அன்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்னையே திட்டினார். "எதுக்குன்னு தெரியாம எப்படிம்மா கொடுப்ப? கேட்டுக்கினு கொடு."

அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் மாற்றாமல். நீ கற்றுக்கொடுத்ததுதான்.

"உங்கம்மாவுக்கு வெறும் காய்ச்சல் இல்லம்மா, டி.பி. வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்னு மறைச்சேன். அப்புறம் மறைச்சதே பழக்கமாப் பூடுச்சு. உனக்கு நாலு வயசு. அம்மா அம்மான்னு ஓடிக்கினே இருப்ப. கொழந்தைய கிட்ட வுடாதீங்கன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. அந்த வாடகை வூட்டு ரூமுக்குத் தாப்பாளே கெடையாது. பூட்டு எங்க போடுறது? அதான் தோல் கம்பெனி வேலை முடிஞ்சு வந்து நானே வாசப்படியில குந்திக்குவேன். நீ வருவ, முதுகுல குத்துவ, கடிப்ப. வுட மாட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கடைசி நாளு அவ கேட்டா. 'ஒரே ஒரு வாட்டி வுடுங்க, மோந்து பாத்துட்டுக் குடுத்துடுறேன்'னா. வுடல. நீ அழுது அழுது அங்கயே தூங்கிட்ட. அவளும் போய்ட்டா. அதுக்குத்தாம்மா மாப்பு கேட்டேன். நீ பூட்டினீங்களான்னு கேட்டப்ப, இல்லைன்னு சொல்ல எனக்கு இன்னா யோக்கியதை கீது?"

அப்புறம் ஒன்று கேட்டேன். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், வாய் கேட்கவில்லை. "கனவுல உங்க மூஞ்சி ஏன் அத்தா தெரியவே மாட்டேங்குது?"

"இன்னா கேள்விம்மா இது? நான் அவளப் பாத்துகினு இல்ல குந்தியிருந்தேன். உன் பக்கம் முதுகுதான?"

உன் படத்தில் முகம் இல்லாதவன் கொலைகாரன். அங்கேயே தோல் அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அதே வாசனை. கஸ்தூரிரங்கன் சார் சாப்பிட்டுவிட்டு வந்தவர், ஒன்றும் கேட்காமல் ஃபேனை மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

அரஃபா முடிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, இந்த மாசக் கடைசியில் வருகிறார். அன்று போனை வைக்கும் முன்னால் அத்தா சொன்னது உனக்கு. "உன் கூட்டாளி, அந்த டீச்சர் பொண்ணு, பிரியாணித் தட்டோட நின்னுச்சே. அதுகிட்ட மாப்பு கேக்கிறதுக்குள்ள கலாட்டா ஆயிடுச்சு. அது ஒண்ணு பாக்கி நிக்குது. நான் ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மாப்பு கொடுக்கச் சொல்லு."

கேட்டுவிட்டேன். பதில் போடு.

சைக்கிள் சாவி விஷயம். உனக்குச் சைக்கிளே கிடையாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கேட்டால் நீ அழுவாயோ என்று விட்டுவிட்டேன். அந்த ஐஸ் வண்டிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். அதனால் சரோஜினி ஆன்ட்டியிடம் போய் உனக்காகவும் கேள், எனக்காகவும் கேள். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை, பக்கத்து அறைதான்.

பிளாக்கை எடுக்கவில்லை. எடுப்பேன். அவசரப்படுத்தாதே, இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது.

ஷரீஃபா

•

முடிச்சூர்
14 ஜூன் 2025

ஷரீ,

அத்தாவிடம் சொல், மாப்பு கொடுத்தேன் என்று. அவர் என்னிடம் ஒரு தப்பும் பேசியதில்லை, ஆனாலும் கொடுத்தேன். அவர் வந்ததும் நான் வருவேன், நான் கேட்க வேண்டியது இருக்கிறது. தட்டு இல்லாமல் வருவேன்.

இன்று இரண்டாம் சனிக்கிழமை. குழு இல்லை என்று சொல்லிவிட்டேன். பலகையை ஆபேல் எடுத்துப் போனான், அவன் தெருவில் ட்யூஷன் நடக்கிறதாம்.

அம்மாவிடம் வியாழக்கிழமை கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "அம்மா, ஸ்கூல் விட்டு நான் லேட்டா வந்திருக்கேன். சாவிய வச்சுக்கிட்டு, வேணும்னே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அம்மா தலை நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படிம்மா?"

"நாக்கு செவப்பா இருக்குமே."

அதற்குத்தான் என் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறார், ஷரீ. நான் ஒன்பது வயதிலிருந்து அந்தப் பார்வைக்கு என்னென்னவோ அர்த்தம் வைத்திருந்தேன். "கோவமா இருந்துச்சாம்மா?" என்றேன். கீரைக்காம்பைத் தள்ளிவிட்டார். "இருந்துச்சு. புள்ளைக்கு ஐஸ் வாங்கிக் குடுக்க ஒரு கூட்டாளி இருக்கேன்னும் இருந்துச்சு." அது நீ. உனக்கும் சேர்த்து மாப்பு ஆயிற்று என்று எடுத்துக்கொள்.

நேற்று ஆசாரி பாலுவைக் கூப்பிட்டு வீட்டில் அம்மா புழங்குகிற கதவுகளில் இருந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். குளியலறையிலும். "தாப்பா இல்லாத கதவு எதுக்கு மேடம்?" என்று பேஜாராகிவிட்டான். அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியும் வெளியே வருவதைப் பார்த்தார். ஓட்டைகளை விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

இன்று காலையில் அம்மா குளிக்கப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் மொள்கிற சத்தம், பிறகு ஏதோ பாட்டு. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து, "ஜோசி, துண்டை மறந்துட்டேன், எடுத்தா" என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டிவிட்டு, வெளியிலேயே நின்றேன்.

ஜோசி